பங்காருவுக்குக் காய்ச்சிய பால்

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. இஞ்சி தட்டிப் போடுகிறவர் யாரோ, அவருக்குக் கைப்பக்குவம் உண்டு. பாலை மட்டும் இன்னும் கொஞ்சம் சுண்ட விடலாம். பால் காய்ச்சுவதில் எனக்கு வெகுநாள் பழக்கம், அதனால் சொல்கிறேன்.

ஏட்டு ஐயா, தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் எழுதினால் ‘மேற்படி கோமளவல்லியாகிய நான்’ என்று தொடங்கி, முதல் வரியிலேயே என்னைத் தலைகுனிய வைத்துவிடுவார். எட்டாவது வரை படித்தவள் நான். என் கதையை நானே எழுதித் தருகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்படிக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. பங்காரு என் தம்பி. அவனுக்குத் தினமும் பால் காய்ச்சிக் கொடுத்தது நான்தான். அவன் விரும்பித்தான் குடித்தான். இதை நடுநடுவே மறுபடியும் சொல்வேன், அலுத்துக்கொள்ளக் கூடாது.

அரக்கோணம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீடியோ கொட்டகை உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருக்கிறீர்கள். லைசென்ஸ் பேச்சு வந்தால் இரண்டு தரப்புக்கும் சங்கடம். என் வீட்டுக்காரர் பரந்தாமன் தறியை விற்றுவிட்டு டி.வி.யும் டெக்கும் வாங்கினார். பிறகு கல்யாணம் காதுகுத்து எடுக்க ஒரு வீடியோ கேமராவும் வாங்கினார். கேமரா கையில் இருந்தால் எதையும் நேராகப் பிடிப்பார். கேமரா இல்லாவிட்டால் எதையும் நேராகப் பார்க்க மாட்டார். எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்று அவருக்கு எந்த நாளும் தெரிந்ததில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின ஆடிக் கிருத்திகைக்கு, திருத்தணி மலைக்கு வரும் காவடிக் கூட்டத்துக்காக ஒரு சாமி படம் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். மெட்ராஸுக்குப் போய்க் கேசட் வாங்கிவந்தார். அட்டையில் வேலும் மயிலும் இருந்தன. கொட்டகையில் இடமில்லாத கூட்டம், எல்லார் தலையிலும் புது மொட்டை, அதன் மேல் சந்தனம். கேசட்டைப் போட்டால் முருகன் வரவில்லை. வெளிநாட்டுப் பையன்கள் வந்தார்கள்.

தலையின் இரண்டு பக்கமும் வழித்து, நடுவில் மட்டும் முடியை நட்டு வைத்திருந்தார்கள். காதில் ஊக்கு. கித்தாரை வாசிக்கவில்லை, அடித்தார்கள். பாடவில்லை, கத்தினார்கள். கீழே நின்றவர்கள் அவர்கள் மேல் துப்பினார்கள், அவர்களும் திருப்பித் துப்பினார்கள். கொஞ்ச நேரம் கச்சேரி, கொஞ்ச நேரம் ஏதோ சினிமா. அந்தச் சினிமாவிலும் அதே பையன்கள்தான் திருடர்களாக வந்து, கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடினார்கள். “மட்டமான படம்மா, கேமரா எப்டி ஆடுது பாரு” என்று பரந்தாமன் தலையில் அடித்துக்கொண்டார்.

நகரி பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவி எழுந்து நின்று திரையைப் பார்த்தாள். “ஐயோ பாவம், மொட்ட போட்டுகினு இருக்கசொல்ல பாதில எழுந்து ஓடியாந்துட்டானுங்க போல கீது. சாமி குத்தம் சும்மா வுடுமா? அதான் இப்டி கத்துறானுங்க” என்றாள். கொட்டகையே சிரித்தது. கேசட்டை மாற்றச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள், மாற்றினோம். அந்தக் கேசட்டை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

மத்தியானத்தில் ஆட்டம் இல்லாத வேளையில் அதைப் போட்டுப் பார்ப்பேன். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பது புரிந்தது. அதில் ஒரு பெண்ணும் இருந்தாள். கிழிந்த சட்டை, கண்ணைச் சுற்றி அப்பிய மை. அவள் வாயைத் திறந்தபோது வந்த குரல் எனக்குத் தெரிந்த குரல். கரடுமுரடாக, உடைந்து, எங்கே நிற்கும் என்று தெரியாமல் வந்தது. டேப்பைத் திருப்பி மறுபடியும் அந்த இடத்தைப் போட்டேன்.

காரணம் சொல்கிறேன். எங்கள் நைனாவுக்குப் பஜனைக் கோஷ்டி இருந்தது. இங்கிலீஷ் வருஷம் பிறக்கும்போது, படித் திருவிழாவில் மலைப் படிகளில் நின்று பாடுகிற கோஷ்டிகளில் அவருடையதும் ஒன்று. சின்ன வயதில் நானும் ஒருநாள் கூடச் சேர்ந்து வாயைத் திறந்தேன். நைனா தாளத்தை நிறுத்தினார். “நீ போய் தார் சுத்தும்மா. உன் கொரலு தறியில இருந்து நாடா எகிறி வுழுற மாதிரி கீது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிலிருந்து தார் சுற்றினேன், தறியில் ஓடுகிற நாடாக் கட்டைக்கு நூல் சுற்றுகிற வேலை. வருத்தம் ஒன்றும் இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

பங்காரு பிறந்தபோதே அம்மா போய்விட்டாள். சங்கில் பால் ஊற்றி அவனை ஆளாக்கியது நான். அவன் வாயைத் திறந்து ஒரு சொல் இழுத்தாலே நைனா கண்ணை மூடிக்கொள்வார். தேன்குரல் என்று ஊரே சொன்னது. நைனா செத்த பிறகு படித் திருவிழாவில் அவன்தான் பாடினான். மற்ற நாளில் பவர்லூம் ஷெட்டில் வேலை. அங்கே தறிச் சத்தத்தில் அவன் பாடுவது அவனுக்கே கேட்காது. ஆனாலும் பாடிக்கொண்டேதான் இருப்பான்.

கோஷ்டி ஆரம்பிக்கலாம் என்ற யோசனை என்னுடையது. கேசட்டைப் போட்டு அவனுக்குக் காட்டினேன். அவன் சிரித்தான். “யக்கா, இவனுங்களுக்கு இன்னா நோவு?” என்று கேட்டான். “நோவு இல்லடா, தைரியம்” என்றேன். நான் சொன்னால் அவன் தட்ட மாட்டான். அதே ஷெட்டில் வேலை செய்த சேட்டு, சாவுக்கும் கல்யாணத்துக்கும் டிரம் அடிக்கிறவன். அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தேசப்பனிடம் ஒரு கித்தார் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு ரயில் கார்டு விட்டுவிட்டுப் போனது. இந்த மூன்று பேர் போதும் என்று முடிவு செய்தேன்.

முடி வெட்ட, மொட்டை போடுகிற ஆறுமுகத்திடம்தான் கூட்டிக்கொண்டு போனேன். இந்த ஊரில் கத்தி அவர் கையில்தான் நிற்கும். ஒரு பக்கம் வழித்தார், மறு பக்கம் வழித்தார். நடுவில் கை வைக்கப் போனபோது நிறுத்தச் சொன்னேன்.

“இன்னாம்மா, பாதில நிறுத்தச் சொல்றே? சாமிக்குன்னு கத்தி வெச்சாச்சு. பாதி குடுத்தா பாதி வேண்டுதல்தான் நடக்கும்.”

“பாதி நடந்தா போதும்ணா” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பங்காருவின் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “சேவலு மாதிரி கீறான். சரி போ, சேவலு சாமி கொடிலயே கீது, தப்பு இல்ல” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முடி நிற்பதற்கு, தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சித் தடவினேன். பாறை மாதிரி நின்றது. ஊர் எங்களுக்கு அரைமொட்டைக் கோஷ்டி என்று பேர் வைத்தது. கேலிக்கு வைத்த பேரை நாங்களே பலகையில் எழுதி மாட்டிக்கொண்டோம்.

பாட்டும் நான்தான் கட்டினேன். ‘வாய மூடு வாய மூடுன்னு சொன்னவனே, உன் வாய மூடு.’ இதுதான் பல்லவி, இதுதான் சரணம். ஷெட்டுக்கு வார லீவு விட்ட அன்று ஒத்திகை பார்த்தோம். கத்துவது எப்படி என்று நான் ஒரு முறை கத்திக் காட்டினேன். சேட்டு குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

“யக்கா, அந்த கேசட்டுல வர்ற மாதிரி கொரலு இங்க ஒண்ணே ஒண்ணுதான் கீது. உன்னுது. நீயே பாடேன்.”

“ஊரு சிரிக்கும்டா” என்றேன்.

“ஊரு சிரிக்கட்டும்னுதானே இதெல்லாம் பண்றோம்” என்றான் அவன். பங்காருவும், “ஆங், யக்கா, பாடு” என்றான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். பயம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. எனக்குப் பயம் கிடையாது. எனக்குக் கொட்டகை வேலை இருந்தது.

முதல் கச்சேரி மாட்டுப் பொங்கலுக்கு மணவூரில், வாலிபர் சங்க விழாவில் நடந்தது. பரந்தாமன் எடுத்த அந்த முதல் கேசட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சேட்டு அடிக்கிறான், தேசப்பன் கித்தாரைக் கிழிக்கிறான், அரைமொட்டைத் தலையோடு என் தம்பி வாயைத் திறக்கிறான், தேன் வழிகிறது. ‘வாய மூடு’ என்பதை அவன் பாடிய அழகில், திட்டு வாங்கினவன்கூட தட்டில் கற்பூரம் ஏற்றிவிடுவான். ஒரு பாட்டி மேடை ஏறி அவன் நெற்றியில் விபூதி பூசினாள். கூட்டத்தில் யாரோ முருகன் பாட்டு ஒன்று கேட்டார்கள். அவனும் சந்தோஷமாகப் பாடினான். மணவூரே கைதட்டியது.

திரும்பி வரும் ரயிலில் அவனிடம் கேட்டேன், ஏன்டா இப்படிச் செய்தாய் என்று. “இன்னா பண்றது யக்கா, கத்தலாம்னு வாய தொறந்தாலும் சுருதிலதான் வருது” என்றான். குறும்பாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அந்த இரவு சோறு இறங்கவில்லை. எவ்வளவு பெரிய வீண் என்று பாருங்கள். ஊரில் யாருக்கும் இல்லாத தைரியத்தில் தலையை வழித்துக்கொண்டு நிற்கிறான், உள்ளே மட்டும் நைனா உட்கார்ந்து தாளம் போடுகிறார்.

எங்கள் பெரியப்பா தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். அவர் பாடினால் திரௌபதியே வந்து நின்றது மாதிரி இருக்கும் என்பார்கள். போட்டிக் குழுவில் ஒருவன் வெற்றிலைக்குள் செந்தூரம் வைத்துக் கொடுத்துவிட்டான். கூத்தாடிகளுக்குள் இது பழைய வேலை. முகத்துக்குப் பூசுகிற செந்தூரம்தான், ஈயம் கலந்த சிவப்புப் பொடி, தொண்டைக்குள் போனால் குரல் கெட்டுவிடும். பெரியப்பா குரல் போய்விட்டது என்று எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது போலிருந்தது. கிழிந்த துணி காற்றில் அடித்துக்கொள்வது மாதிரி ஒரு குரல். அதற்குப் பிறகு அவரை யாரும் பாடச் சொல்லவில்லை. நான் மட்டும் போய்ப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவருடைய வேஷப் பெட்டி கடைசியில் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டியை இறக்கினேன். இவ்வளவுதான் நான் செய்தது.

பாடுகிறவன் தொண்டைக்குப் பால் நல்லது என்று ஊர் முழுக்கச் சொல்லும். மிளகு தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு போட்டு, நன்றாகச் சுண்டவிட்டுக் கொடுப்பேன். செந்தூரம் கொஞ்சம்தான். கற்கண்டின் நிறத்தில் அது தெரியாது. ஷெட்டிலிருந்து வந்ததும் அவனே அடுப்பங்கரை வாசலில் வந்து உட்கார்ந்து, “யக்கா, பால்” என்பான். டம்ளரைக் கவிழ்த்து அடியில் தங்கின கற்கண்டையும் விரலால் வழித்து நக்குவான். விரும்பித்தான் குடித்தான் என்று சொன்னேன் அல்லவா.

மாசி முடிவதற்குள் குரல் மாற ஆரம்பித்தது. முதலில் மேல்ஸ்தாயி போனது. பிறகு இழுத்தால் நடுவில் அறுந்தது. அவன் பயந்துவிட்டான். உப்புத்தண்ணீரில் கொப்பளித்தான், துளசி மென்றான். “கொரலு உடையிற வயசாடா உனக்கு?” என்று சேட்டு கேலி செய்தான். அவன் என்னிடம் வந்து, “யக்கா, பால்ல மிளகு இன்னும் கொஞ்சம் தூக்கலா போடு” என்று கேட்டான். போட்டேன்.

இரண்டாவது கேசட், அரக்கோணத்தில் எடுத்தது. அதைத் தயவுசெய்து மறுபடியும் போட்டுப் பாருங்கள். பங்குனி வெயில், ரயில்வே ஆட்கள் கூட்டம். பங்காரு வாயைத் திறந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வலியில் வருகிற குரல் அது. அவன் கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் தண்ணீர், குரல் கிழிந்து கிழிந்து வருகிறது. இந்த முறை யாரும் விபூதி பூச வரவில்லை. பையன்கள் நாற்காலியைத் தூக்கி அடித்தார்கள். எங்கள் ஊர் பக்கத்தில் இதற்கு முன் எவனும் அப்படிப் பாடியதில்லை, இனிமேலும் பாடப் போவதில்லை.

அந்தக் கேசட்டில் இன்னொன்றும் இருக்கிறது. மைக் பிடித்திருக்கிற அவன் கை மணிக்கட்டோடு மடங்கித் தொங்குகிறது. நிமிர்த்த முடியவில்லை. பரந்தாமன் பாவம், அது ஒரு ஸ்டைல் என்று நினைத்துக் கிட்டே போய்க் கையை மட்டும் எடுத்தார். கேசட் ஊர் ஊராகப் போனது. திருத்தணியிலிருந்து சித்தூர் வரைக்கும் பையன்கள் பாதி மொட்டையோடு, கையை அப்படித் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். உங்கள் ஏட்டு ஐயாவின் மகன் நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். இதைக் கெடுதல் என்று எப்படிச் சொல்வீர்கள்?

வடபழனியிலிருந்து நாகேந்திரன் என்ற டைரக்டர் வந்தது அந்தக் கேசட்டைப் பார்த்துத்தான். பொங்கலுக்குப் பூஜை போட்டால் சிவராத்திரிக்குள் படத்தை முடித்துவிடுகிற ஆள். கடத்தல்காரன் குகையில் கத்திப் பாடுகிற கும்பல் அவருக்கு வேண்டியிருந்தது. இங்கேயே கல் குவாரியில் எடுத்தார். “இந்தக் கைய யாரும்மா சொல்லிக் குடுத்தது, பிரமாதம்” என்று என்னிடமே கேட்டார். ஷாட்டுக்கு ஷாட் நடுவில் பங்காரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையோரம் சுருண்டு படுப்பான். டைரக்டர் அதையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஈறெல்லாம் கறுத்திருந்தது, அதற்கு மேக்கப் தேவையில்லை என்றார்கள். அதற்குள் குரல் முழுக்கக் காற்றாகிவிட்டது. உதடு அசையும், ஒன்றும் வராது. கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று எனக்கே தோன்றியது. அளவு தெரியாமல் செய்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

மெட்ராஸில் டப்பிங் நடந்தது. பங்காருவுக்குப் பதிலாக ஒரு மிமிக்ரிக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் நரி மாதிரி ஊளையிட்டார். டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். “நான் ஒரு தடவ கத்திப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டேன். சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் புதிதில்லை.

இருட்டில் மைக் முன்னால் நின்றேன். திரையில் என் தம்பி வாயைத் திறந்தான். நானும் திறந்தேன். ஐயா, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தார் சுற்றின காலமெல்லாம் தொண்டையில் அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரேயடியாக வெளியே வந்தது. ரீல் முடிந்து விளக்கைப் போட்டார்கள். பிறகு டைரக்டர் எழுந்து வந்து கைதட்டினார். “இத்தன நாளா எங்கம்மா இருந்தே?” என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. டைட்டிலில் என் பேர் வேண்டாம் என்றேன். பாடியவர் பங்காரு என்று போட்டார்கள். அப்படித்தான் போட வேண்டும், அது அவன் குரல்.

படம் தியேட்டரில் ஓடியதோ இல்லையோ, கேசட்டில் ஓடியது. எங்கள் கொட்டகையிலும் போட்டோம். பங்காரு கடைசியில் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தான். அந்தப் பாட்டு வந்தபோது பையன்கள் எழுந்து ஆடினார்கள். அவன் ஆடவில்லை. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தான். கிசுகிசுப்பாகத்தான் பேச வந்தது.

“யக்கா, அது யாரு கொரலு?”

“உன்னுதுதான்டா.”

“என்னுது இல்லியே.”

“இனிமே அதான் உன்னுது” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் எப்போதும் எதிர்த்துப் பேச மாட்டான்.

வயிற்று வலி தாங்காமல், சேட்டுதான் அவனை வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். பிறகு மணவூரில் எங்கள் சித்தி கௌரியம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கே அவன் தேறினான். மணவூர் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சித்தி சொன்னாள். இருக்கலாம்.

கார்த்திகைக்குத்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தான். முடி முழுக்க வளர்ந்து, நைனா இளவயதில் இருந்தது மாதிரி இருந்தான். கையில் இன்னும் பலம் வரவில்லை. மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கிணற்றடியில் அவன் ஏதோ முனகினான். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். முனகல் இல்லை, பாட்டு. மெல்லியதாக, ஆனால் சுத்தமாக வந்தது. தேன் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே நாகேந்திரன் நேரில் வந்தார். படத்துப் பாட்டை வைத்து மெட்ராஸில் ஒரு பெரிய கச்சேரி வைத்து, அதை வீடியோவாக எடுத்து, இந்தப் பக்கமும் ஆந்திரா பக்கமும் விற்கப் போவதாகச் சொன்னார். டப்பிங் கிடையாது, மேடையில் நேராகப் பாட வேண்டும், அந்தக் கேசட்டில் வந்த அரக்கோணக் குரல் வேண்டும் என்றார். அவர் போன பிறகு பங்காரு என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“யக்கா, கொரலு வந்துகினு கீது. இந்த வருசம் படித் திருவிழால பாடுறேன்னு வேண்டிகினு கீறேன். அன்னிக்கு பாதில நிறுத்தன மொட்டையையும் முழுசா குடுத்துடறேன்.”

“அப்ப மெட்ராஸு கச்சேரி?”

“நீ பாடுக்கா” என்றான். “எனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளைல இருந்து கேட்ட கொரலு. அது உன்னுதுதான். நீ மேல நின்னு கத்து. பாவா கேமரால எடுக்கட்டும். நான் கீழ உக்காந்து கைத்தட்றேன்.”

நல்ல பிள்ளை. அவனை வளர்த்தது நான் என்பது அவன் பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாற்பதை எட்டிப்பிடிக்கிற ஒரு பொம்பளை, சேலை கட்டிக்கொண்டு மேடையில் ஏறிக் கத்தினால் இந்த ஊர் என்ன சொல்லும்? நைனா சொன்னதைத்தான் சொல்லும். அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருக்கிறது, பாதி மொட்டை இருக்கிறது, தொங்குகிற கை இருக்கிறது. அவ்வளவும் அவனிடம் இருக்கிறது. அவன் படியில் நின்று தேனாகப் பாடிவிட்டால், படத்தில் கத்தியது யார் என்று மறுநாளே ஊர் கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் நாங்கள் செய்தது எல்லாம் பொய்யாகிவிடும். பொய்யை என்னால் தாங்க முடியாது.

நீங்கள் நேற்று ஒரு வார்த்தை கேட்டீர்கள், பொறாமையா என்று. பொறாமைக்காரர்கள் இருப்பதைக் கெடுப்பார்கள், ஐயா. நான் அவனிடம் இல்லாததைக் கொடுத்தேன். கோர்ட்டில் டி.வி.யும் டெக்கும் வைக்கச் சொல்லுங்கள். மூன்று கேசட்டையும் வரிசையாகப் போடட்டும். மணவூர்ப் பங்காருவை நாளைக்கு யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். அரக்கோணத்துப் பங்காருவை யாராலும் மறக்க முடியாது. அவனை உண்டாக்கியது நான். மேடையே ஏறாமல் அதைச் செய்தேன். அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், நின்று வாங்கிக்கொள்கிறேன்.

படித் திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பால் காய்ச்சினேன். மிளகு, பனங்கற்கண்டு, பெட்டியில் மீதியிருந்தது முழுவதும். பாதி மிச்சம் வைத்து என்ன செய்யப் போகிறேன். பரந்தாமன் கல்யாண வீட்டுக்குக் கேமராவோடு போயிருந்தார். அவன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து நாளைக்குப் பாடப்போகிற பாட்டை முனகிக்கொண்டிருந்தான். டம்ளரைப் பார்த்துச் சிரித்தான். “பால் வேணாம்கா. மணவூர்ல பாலே குடிக்கல, வயிறு நல்லா இருந்துச்சு” என்றான். பாருங்கள், அப்போதுகூட அவனுக்கு என் மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை.

மறுநாள் மலையில் எல்லாக் கோஷ்டியும் பாடின. அவன் விடியலைப் பார்க்கவில்லை, எங்கள் படியில் மட்டும் யாரும் பாடவில்லை. மீதி உங்களுக்குத் தெரியும், ரத்தத்தில் ஈயம் என்று எழுதின பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டோடு உங்களிடம் வந்தது சேட்டு என்பதும் எனக்குத் தெரியும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் நல்ல தாளக்காரன்.

பங்காரு விரும்பித்தான் குடித்தானா என்று அழுத்தி அழுத்திக் கேட்கிறீர்கள். ஆமாம், விரும்பித்தான் குடித்தான். கைக்குழந்தையாக இருந்தபோது சங்கைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான், மூக்கைப் பிடித்தால் திறந்துவிடும். கடைசி டம்ளருக்கு மட்டும் அப்படிப் பிடிக்க வேண்டியிருந்தது.